ஜன்னலைத் துடைப்பது யார்?

பொம்மிடி ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் ஏறினால், சற்று நேரத்தில் கடத்தூர் வந்துவிடுகிறது. சிவந்த மண், வறண்ட பூமி. ஆடி மாதத்தில் காற்றுக் கிளம்பிவிட்டால், தெருவில் உள்ள புழுதி முழுவதும் வீடு வீடாகப் புகுந்து க்ஷேமம் விசாரித்துவிட்டுத்தான் போகும். அப்படிப்பட்ட ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவ்வூரிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம்.

நண்பர் நம்மைப் போலவே பட்டதாரி. நம்மைப் போலவே உபாத்தியாயர். அவருடைய மனைவியாரும் உத்தியோகம் பார்க்கிறவர். வீடு சமீபத்தில் கட்டியது. கூடத்தில் அகலமான இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. ஆனால், பகல் பதினொரு மணிக்கு அந்தக் கூடத்தில் மின்சார விளக்கு எரிந்துகொண்டிருந்தது! ஜன்னல்கள் இரண்டும் இறுக மூடிக் கிடந்தன. கண்ணாடிகளின் மேல் செம்புழுதி படிந்து, அதற்கடியில் நீர் வழிந்து காய்ந்த வெண்கறை பூத்திருந்தது.

"ஜன்னலைத் திறந்தால் கொஞ்சம் காற்று வருமே!" என்றோம்.

நண்பர் வாய் திறக்குமுன் அவருடைய மனைவியார் பதில் சொன்னார்: "காற்று மட்டுமா ஸார் வரும்? புழுதியும் சேர்ந்துதான் வரும். வருகிற புழுதியைத் துடைப்பதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பேனா, ஜன்னலைத் துடைப்பேனா? போகிக்குத் துடைத்தது, இனி ஆயுத பூஜைக்குத்தான்."

"எங்கள் காலத்து வீட்டுக்கு இத்தனை ஜன்னல் கிடையாது, தம்பி. துடைக்கிற தொல்லையும் கிடையாது!" என்றார் நண்பரின் தாயார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால், ஊர் திரும்பும்போது நமக்குச் சிரிப்பு வரவில்லை. நமது வீட்டு ஜன்னல்களை நாம் ஒரு நாளாவது துடைத்ததுண்டா என்று யோசித்துப் பார்த்தோம். இல்லை என்பதுதான் உண்மை.

நாமே விதித்துக்கொண்ட வரி

இங்கிலாந்து தேசத்தில் 1696-ம் வருஷத்தில் ஒரு விசித்திரமான வரி ஏற்பட்டது. வீட்டில் எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றனவோ, அந்தக் கணக்குப்படி வரி! ஜனங்கள் என்ன செய்தார்கள்? செங்கல் வைத்து ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். வெளிச்சமும் காற்றும் இல்லாத அறைகளில் வியாதிகள் பெருகுகின்றன என்று வைத்தியர்கள் முறையிட்ட பின்னர், 1851-ல் அவ்வரி ஒழிந்தது. பிரான்ஸில் இதே போன்ற வரி 1926 வரையில் நீடித்தது.

நம்மை எந்தச் சர்க்காரும் அவ்வாறு வரி கேட்கவில்லை. இருந்தும், ஜன்னலைத் துடைக்கும் சிரமத்துக்கு அஞ்சி நாமே அதை அடைத்து வைக்கிறோம். சூரிய வெளிச்சம் கிருமிகளை அழிக்கவல்லது என்பதை 1877-ம் வருஷத்திலேயே டௌன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் சோதனை செய்து நிரூபித்தார்கள். அவ்வளவு மலிவான மருந்தை வாசலோடு திருப்பி அனுப்புவது விவேகமாகுமா?

இதில் வேறொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. மத்திய அரசாங்கத்தார் 2019-ம் வருஷத்தில் ஜனங்கள் பொழுதைச் செலவிடும் விதத்தைக் கணக்கெடுத்தார்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஸ்திரீகள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்றும், அவ்வேலையில் ஈடுபடும் ஆடவர்கள் 97 நிமிஷந்தான் செலவிடுகிறார்கள் என்றும் தெரிய வந்தது. அந்த 97 நிமிஷத்தைக்கூடச் செலவிடாதவர்களே ஆடவரில் பெரும்பாலோர். கடத்தூர் நண்பரின் ஜன்னல் மூடிக் கிடந்ததற்குக் காரணம் ஆடிக் காற்று அல்ல, இந்தக் கணக்குத்தான்.

மூன்று அழுக்கு, மூன்று மருந்து

வேலையைப் பகிர்ந்துகொள்வதற்கு முன்னால் வேலையின் தன்மை தெரிந்திருக்க வேண்டும். வீட்டு ஜன்னல்களில் படியும் அழுக்கு மூன்று வகையானது.

முதலாவது புழுதி. இதற்கு உலர்ந்த துணியே போதும். எடுத்த எடுப்பில் நீரைத் தெளித்தால் புழுதி சேறாகிவிடும். பிறகு வேலை இரட்டிக்கும். கம்பிகளையும் சட்டங்களையும் கொசுவலையையும் முதலில் உலர்ந்த துணியாலோ தூரிகையாலோ தட்டி எடுத்துவிட வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். தரையைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால், பெருக்கும்போது கிளம்பும் தூசி திரும்பவும் ஜன்னலில் போய் உட்காராது.

இரண்டாவது எண்ணெய்ப் பிசுக்கு. சமையலறை ஜன்னலுக்கு இது நித்திய விருந்தாளி. எண்ணெய்க்குக் காரந்தான் எதிரி. வெந்நீரில் ஒரு கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, அதில் நனைத்த துணியால் துடைத்தால், காரம் எண்ணெயைத் தானே சோப்பாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. நமது பாட்டிமார் சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் இந்தச் சாஸ்திரப்படிதான். கை உறுத்தாமலிருக்க உறை அணிவது நலம்.

மூன்றாவதுதான் கடத்தூர்ப் பக்கத்து வீடுகளுக்கு உரிய விசேஷம்: வெண்கறை. ஆழ்கிணற்றின் கடின நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. அந்த நீரைக் கண்ணாடியில் தெளித்து, துடைக்காமல் விட்டால், நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு தங்கிவிடும். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் இது போகாது. இதற்கு மருந்து புளிப்பு. வினிகர் ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு கலந்து தடவிச் சில நிமிஷம் ஊறவிட்டுத் துடைத்தால் கறை கரைந்துவிடும். எலுமிச்சம் பழமும் புளிக்கரைசலும் இதே வேலையைச் செய்யும். ஆனால், சலவைக்கல்லிலும் மொஸெய்க் தரையிலும் புளிப்புப் படக் கூடாது. அவற்றிலும் சுண்ணாம்பு இருப்பதால் அவையும் அரிக்கப்பட்டுவிடும்.

கறை திரும்பி வராமலிருக்க வேண்டுமானால், கடைசியாகத் துடைப்பதற்கு மழைநீரோ, காய்ச்சித் தெளிய வைத்த நீரோ ஒரு செம்பு எடுத்துக்கொள்ளலாம். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். பழைய வேஷ்டித் துண்டுக்கு ஈடான துணி வேறில்லை. பழைய பத்திரிகைக் காகிதத்தைக் கசக்கித் துடைப்பதும் நல்ல முறைதான். படித்து முடித்த பிறகு!

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தர்மபுரி ஜில்லாவின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு என்னும் உப்பும் மிகுந்திருக்கிறது. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும், கண்ணுக்கோ நாக்குக்கோ புலப்படாது, காய்ச்சினாலும் போகாது. 2013-ம் வருஷத்தில் துவக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதன் பொருட்டே ஏற்பட்டது. ஆகையால் ஆழ்கிணற்று நீர் ஜன்னலுக்கும் தரைக்கும் ஆகட்டும். குடிப்பதற்குக் காவேரி நீரையே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யத் தகாதவை

வெயில் நேரே அடிக்கும்போது கண்ணாடியைத் துடைக்க வேண்டாம். துணி போவதற்குள் நீர் காய்ந்து கோடு விழும். காலையோ மாலையோ ஏற்ற வேளை. உட்புறத்தைக் குறுக்காகவும் வெளிப்புறத்தை நெடுக்காகவும் துடைத்தால், எஞ்சிய கோடு எந்தப் பக்கத்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். மாடி ஜன்னலின் வெளிப்புறத்துக்காக மழைத்தடுப்பின் மேல் இறங்கி நிற்பது ஒருபோதும் கூடாது. நீண்ட பிடியுள்ள ரப்பர் துடைப்பான் கடையில் கிடைக்கிறது, உயிர் கிடைக்காது.

எல்லாவற்றிலும் முக்கியமாக, பிளீச்சிங் பவுடரையும் புளிப்பான திரவங்களையும், விசேஷமாகக் கழிப்பறை ஆஸிடையும், ஒன்றாகக் கலக்கவே கூடாது. அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். 1915-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்து யுத்தகளத்தில் ஜெர்மானியர் பெருமளவில் ஏவிய விஷப்புகை அதுதான். யுத்தத்தை வீட்டுக்குள் அழைத்து வர வேண்டாம்.

ஜன்னலுக்கு ஒரு சொந்தக்காரர்

இனி, இவ்வேலைக்கு நேரம் எங்கே என்ற கேள்வி. சாதாரணக் குடும்பத்து வீட்டில் ஆறு ஜன்னல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் ஆறையும் துடைப்பதென்றால் இடுப்பு ஒடிந்துவிடும். ஆகவேதான் போகி வரையில் காத்திருக்கிறோம். தினம் ஒன்று வீதம் எடுத்துக்கொண்டால், புழுதி கெட்டியாகுமுன் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

அதோடு, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு சொந்தக்காரரை நியமித்துவிடுங்கள். கூடத்து ஜன்னல்கள் வீட்டுத் தலைவருக்கு. படிக்கும் அறை ஜன்னல் பையனுக்கு. படுக்கை அறை ஜன்னல் பெண்ணுக்கு. சமையலறை ஜன்னல் பெற்றோர் இருவருக்கும் வாரம் மாற்றி. சிறு பிள்ளைகள் கைக்கெட்டும் கம்பிகளைத் துடைக்கட்டும். தாயார் கண்காணிப்பாளராக இருந்தால் போதும். காந்தியடிகள் 1901-ல் கல்கத்தா காங்கிரஸுக்குச் சென்றிருந்தபோது, பிறர் கை வைக்கக் கூசிய கழிப்பிடத்தைத் தாமே துடைப்பம் எடுத்துச் சுத்தம் செய்தார். நமக்கு ஒரு ஜன்னலைத் துடைப்பது கௌரவக் குறைவாகிவிடுமா?

இந்த யோசனையை நண்பருக்குக் கடிதமாக எழுதினோம். எழுதிய கையோடு, நமது மேஜைக்குப் பின்னாலிருக்கும் ஜன்னலுக்கு நாமே சொந்தக்காரராகி, துணியை எடுத்தோம். முதல் நாள் இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது, இப்போது எட்டு.

ஐப்பசியில் மறுபடியும் கடத்தூர் சென்றோம். கூடத்து ஜன்னல்கள் திறந்திருந்தன, விளக்கு எரியவில்லை. கண்ணாடியில் மட்டும் அங்குமிங்கும் கோடுகள் தெரிந்தன.

"கோடு விழுந்திருக்கிறதே!" என்று நண்பரைப் பரிகசித்தோம்.

"இருந்துவிட்டுப் போகட்டும், ஸார். அது நான் துடைத்ததில்லை" என்றார் அவருடைய மனைவியார். அன்று அவர் நம்மோடு கூடத்திலேயே உட்கார்ந்து காபி அருந்தினார்.