சங்கற்பத்தில் வரும் எண்ணும் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியும்

ஆலயத்தில் பூசைக்கு அமரும்போது குருக்கள் ஐயா முதலிற் செய்விப்பது சங்கற்பம். பிரமாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, சுவேதவராக கற்பம், வைவசுவத மன்வந்தரம், 28 ஆவது கலியுகம், அதன் முதற் பாதம் என்று காலத்தைக் கூறிய பின்னரே நமது பெயரும் நட்சத்திரமும் வருகின்றன. இந்தக் கால விலாசத்தை ஆண்டுக் கணக்கில் எழுதிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நாம் ஊரில் விஞ்ஞானமுறைக் குறிப்பீடு என்று படித்ததைத்தான் இங்கே பிள்ளைகள் 'நொத்தாசியோனே ஷியென்தீஃபிக்கா' என்று படிக்கிறார்கள். ஒன்றிற் குறையாததும் பத்திலும் சிறியதுமான ஓர் எண்; அதைப் பெருக்கப் பத்தின் ஒரு வலு. அவ்வளவே.

கலியுகம் நான்கு இலட்சத்து முப்பத்தீராயிரம் ஆண்டுகள்: 4.32 × 10⁵. நான்கு யுகமும் சேர்ந்த மகாயுகம் அதன் பத்து மடங்கு, 4.32 × 10⁶. ஆயிரம் மகாயுகம் பிரமாவுக்கு ஒரு பகல், அதுவே கற்பம்: 4.32 × 10⁹. இரவையும் சேர்த்தால் 8.64 × 10⁹. 360 நாள் கொண்ட ஆண்டுகள் நூறு என்றால் 3.6 × 10⁴ நாட்கள். இனிப் பெருக்குவோம். 8.64 ஐ 3.6 ஆற் பெருக்க 31.104, வலுக்களைக் கூட்ட 10¹³. முன்னெண் பத்தைத் தாண்டிவிட்டதால் ஒரு தானம் நகர்த்தி, பிரமாவின் ஆயுள் 3.11 × 10¹⁴ ஆண்டுகள் என்கிறோம்.

இந்தக் கற்பத்தில் கழிந்தது எவ்வளவு? ஆறு மன்வந்தரங்கள், ஏழு சந்திகள், 27 மகாயுகங்கள், பின்னர் மூன்று யுகங்கள்: மொத்தம் 1.97 × 10⁹. கலியிற் கழிந்த ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளை, அதாவது 5.1 × 10³ ஐக் கூட்டினாலும் அந்த 1.97 அசைவதில்லை. கற்பத்தின் நீளம் பூமியின் வயதாகிய 4.54 × 10⁹ க்கு அருகில் இருப்பதாகப் பெருமை பேசுவோர் உண்டு. ஒன்று சாத்திரத்திலிருந்தும் மற்றது பாறைகளையும் விண்கற்களையும் அளந்தும் வந்தவை. முடிச்சுப் போடாதிருப்பதே நல்லது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் 4.32 என்று புள்ளி வைக்கும் இடத்தில் இத்தாலியர் காற்புள்ளி இட்டு 4,32 என்பர். அவர்கள் 4.320 என்று எழுதினால் அது நாலாயிரத்து முந்நூற்றிருபது! மின்சாரப் பட்டியலிலும் ஊருக்குப் பணம் அனுப்பும் படிவத்திலும் இது விளையாட்டான சங்கதியன்று. பிள்ளை 'மிலியார்தோ' என்பது நமக்கு நூறு கோடி. 10⁹ என்று எழுதிவிட்டால் அப்பாவும் மகளும் ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

உதாரணத்துக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. நிலையப் பக்கமிருந்து வியா மக்வேதா வழியே குவாத்ரோ கான்தி நாற்சந்திக்கு வந்து, இடப்புறம் திரும்பி மேலே நடந்தால் நோர்மன் அரண்மனை. அதன் பீசானா கோபுரத்து வானாய்வகத்திலிருந்துதான் 1801 சனவரி 1 ஆம் நாள் ஜுசெப்பே பியாற்சி என்ற துறவி செரெரே என்னும் சிறுகோளை முதன்முதற் கண்டார். நாற்சந்தி மூலையில் நாம் தினமும் கடந்து செல்லும் சான் ஜுசெப்பே தேவாலயம் அவர் சார்ந்த தியாத்தினி சபையினருடையதே. சிசிலியின் தானியத் தெய்வத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

செரெரே சூரியனிலிருந்து சராசரி 4.14 × 10⁸ கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஒளி செக்கனுக்கு 3 × 10⁵ கிலோமீற்றர் செல்லும். 4.14 ஐ 3 ஆல் வகுக்க 1.38, எட்டிலிருந்து ஐந்து போக மூன்று. 1.38 × 10³ செக்கன், அதாவது 23 நிமிடம். கடதாசியின் ஓரத்திலேயே செய்து முடிக்கலாம்.

சனிக்கோளுக்கான தொலைவு 1.43 × 10⁹ கிலோமீற்றர். சூரிய ஒளி அங்கு சேர எவ்வளவு நேரமாகும் என்பதைப் பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விடை வர வேண்டும்.