பள்ளிச் சுவரில் ஒரு பெயர்... முன்னாள் விளையாட்டு வீரர்களை அமெரிக்கப் பள்ளிகள் கொண்டாடுவது எப்படி? விடுபட்டவர்கள் யார்?

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களுக்கு, பதக்கத்தோடு சேர்த்து ஓர் ஓக் மரக்கன்றும் கொடுத்தார்கள். நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு நான்கு கன்றுகள் கிடைத்தன. அதில் ஒன்று நடப்பட்டது எங்கே தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்தில்! ஓஹையோ மாகாணம் கிளீவ்லேண்ட் நகரில் உள்ள ரோட்ஸ் உயர்நிலைப் பள்ளி அது. ஓவன்ஸ் படித்தது அதே ஊரின் ஈஸ்ட் டெக்னிக்கல் பள்ளியில். ஆனால், ரோட்ஸ் பள்ளி மைதானத்தில்தான் அவர் பயிற்சி எடுத்தார்.

உலகப் புகழ் பெற்றவரின் மரம் ஏன் பள்ளிக்குப் போனது? ஏன்னா, ஓவன்ஸ் யார் என்று அமெரிக்காவுக்குத் தெரிந்ததே அவர் பள்ளி மாணவராக இருந்தபோதுதான். 1933இல் சிகாகோவில் நடந்த தேசிய பள்ளிகள் போட்டியில், 100 கெஜம் ஓட்டத்தை 9.4 விநாடியில் முடித்து, அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார்.

இப்படிப்பட்ட முன்னாள் மாணவர்களைக் கொண்டாட அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது. அது எப்படி நடக்கிறது? அதில் என்ன சிக்கல்? பார்க்கலாம்.

ஹால் ஆஃப் ஃபேம் என்றால் என்ன?

நேரடியாகச் சொன்னால், 'புகழ் மண்டபம்'. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் தனி மண்டபமெல்லாம் கிடையாது. ஜிம் வாசலில் ஒரு சுவர், அதில் புகைப்படங்கள், பெயர்ப் பலகைகள். அவ்வளவுதான்! அந்தச் சுவரில் இடம் பிடிப்பது ஊருக்கே பெருமை.

தேசிய அளவிலும் ஒன்று உண்டு. பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசிய கூட்டமைப்பு 1982இல் இதைத் தொடங்கியது. முதல் அணி 1983இல் சேர்க்கப்பட்டது. வீரர்கள் மட்டுமல்ல, பயிற்சியாளர்கள், நடுவர்கள், நிர்வாகிகளுக்கும் இதில் இடம் உண்டு.

யார் தேர்வு செய்கிறார்கள்?

பள்ளிக்குப் பள்ளி விதி மாறும். பொதுவான நடைமுறை இதுதான். பள்ளி முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். யாராவது ஒருவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். பயிற்சியாளர்கள், நிர்வாகிகள், முன்னாள் மாணவர்கள் அடங்கிய குழு முடிவெடுக்கும். பிறகு ஒரு விருந்து; பள்ளியின் கால்பந்தாட்ட இடைவேளையில், மைதானத்தின் நடுவே நிற்க வைத்து கைத்தட்டல்.

இன்னொரு வழி, ஜெர்சிக்கு 'ரிட்டயர்மென்ட்' கொடுப்பது. அந்த வீரர் அணிந்த எண்ணை அதற்குப் பிறகு யாருக்கும் தர மாட்டார்கள். மூன்றாவது வழி, அரங்கத்துக்கே பெயர் வைப்பது. கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் படித்த அக்ரான் நகரப் பள்ளியில், அவர் நன்கொடையில் புதுப்பிக்கப்பட்ட அரங்கம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி துரத்தியதா?

இது அடிக்கடி சொல்லப்படும் கதை. ஆனால் முழு உண்மை இல்லை. 1978இல் வில்மிங்டன் நகரின் லேனி பள்ளியில் 10ஆம் வகுப்பு படித்த ஜோர்டானுக்கு முதன்மை அணியில் இடம் கிடைக்கவில்லை. அவரைவிட உயரமான சக மாணவர் லீராய் ஸ்மித்தை எடுத்தார்கள். ஜோர்டான் ஜூனியர் அணியில் ஆடினார். அதாவது, வெளியே தள்ளவில்லை, காத்திருக்க வைத்தார்கள். இன்று அதே பள்ளியின் ஜிம்முக்கு ஜோர்டான் பெயர். 15 வயதில் ஒருவரை எடைபோடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அப்போ விடுபட்டவர்கள் யார்?

ஜோர்டானுக்காவது ஜூனியர் அணி இருந்தது. ஆடுவதற்கு அணியே இல்லாதவர்களை என்ன செய்வது?

1971-72 கல்வியாண்டில், அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்ற மாணவர்கள் 36 லட்சத்துக்கும் மேல். மாணவிகள்? 3 லட்சத்துக்கும் குறைவு. பல பள்ளிகளில் பெண்களுக்கு அணியே கிடையாது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று பங்கேற்கும் மாணவிகள் 30 லட்சத்துக்கும் மேல். ஆனால் 1972க்கு முன்பு படித்த பெண்களில் பலருக்கு ஸ்கோரும் இல்லை, சாதனைப் பட்டியலும் இல்லை. பதிவே இல்லாதவரை எந்தக் குழு தேர்வு செய்யும்?

கறுப்பின மாணவர்களின் கதை வேறு. அவர்களிடம் அணியும் இருந்தது, கோப்பையும் இருந்தது. தென் மாகாணங்களில் இனப் பிரிவினை முடிவுக்கு வந்தபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள்தான். மாணவர்கள் வெள்ளையர் பள்ளிகளுக்கு மாறினார்கள். பல ஊர்களில் பழைய கோப்பைகளும் புகைப்படங்களும் குப்பைக்குப் போயின. பள்ளியே இல்லை என்றால் பெயரை எந்தச் சுவரில் எழுதுவது?

கௌரவத்துக்கே நிபந்தனை போட்டவர்

டென்னசி மாகாணம் கிளார்க்ஸ்வில் நகரில், கறுப்பினத்தவருக்கான பர்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் வில்மா ருடால்ஃப். சிறுவயதில் போலியோ, காலில் உலோகக் கட்டு. ஆனால் பள்ளி மாணவியாக இருக்கும்போதே, 16 வயதில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம்!

ஊர் வரவேற்புக்குத் தயாரானது. வழக்கம்போல வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று பிரித்து நடத்தும் திட்டம். அப்படி என்றால் தான் வரப் போவதில்லை என்று உறுதியாக நின்றார் ருடால்ஃப். அப்போது அவருக்கு வயது 20. கடைசியில் ஊர்தான் இறங்கி வந்தது. அந்த ஊர்வலமும் விருந்தும்தான், கிளார்க்ஸ்வில் வரலாற்றில் இரு இனத்தவரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி.

இப்போது என்ன நடக்கிறது?

மூடப்பட்ட பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் பல ஊர்களில் சங்கம் அமைத்து, வீட்டுப் பரணில் கிடந்த ஆண்டு மலர்களையும் உள்ளூர் நாளிதழ் நறுக்குகளையும் தேடிச் சேர்க்கிறார்கள். அன்று ஆடியவர்கள் இன்று முதியவர்கள். பலர் காலமாகிவிட்டார்கள். அதனால் இது காலத்தோடு நடக்கும் ஓட்டம். சாதித்தவரைப் பாராட்டுவது இதில் பாதி வேலைதான். சாதித்ததற்கான சான்று அழியாமல் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி.

ஓவன்ஸின் ஓக் மரத்துக்கும் வயதாகிவிட்டது. அது முழுதாகப் பட்டுப்போவதற்குள், அதன் கிளைகளை வெட்டி ஒட்டுக்கட்டி, புதிய கன்றுகளை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று இப்போது கிளீவ்லேண்டின் ராக்ஃபெல்லர் பூங்காவில் வளர்கிறது.