பெருந்தொற்றும் மருத்துவப் பணியாளர்களின் உளநலமும்

கொள்ளைநோய் பரவும் காலங்களில் நாள்தோறும் இரண்டு எண்களையே நாம் தேடுகிறோம்: நோயுற்றோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர்? நோயாளியின் கட்டிலருகே இரவும் பகலும் நின்றவர்களின் உள்ளத்தில் அந்நோய் விளைவித்த சேதம் எந்த அன்றாட அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. உடலைத் தாக்கிய கிருமி விடைபெற்றுச் சென்ற பிறகும் இச்சேதம் நீடிக்கிறது; பல வேளைகளில் அதன் பிறகே முழு அளவில் வெளிப்படுகிறது. 2020இல் கோவிட் பெருந்தொற்றின்போது உலகம் இதனைப் புதிதாகக் கண்டறிந்ததுபோல் பேசியது. உண்மையில் 17 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நகரம் இதனை அனுபவித்து, ஆராய்ந்து, எழுதியும் வைத்திருந்தது. கனடாவின் டொரன்டோ நகரமே அது.

டொரன்டோ, 2003

2003 பிப்ரவரியில் ஹாங்காங்கிலிருந்து டொரன்டோ திரும்பிய மூதாட்டி ஒருவர் மார்ச் 5ஆம் நாள் தம் இல்லத்திலேயே இறந்தார். இரு நாள்கள் கழித்து அவருடைய மகன் ஸ்கார்பரோ கிரேஸ் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அவரைப் பற்றியிருந்த நோய்க்கு அப்போது சார்ஸ் என்னும் பெயர்கூடச் சூட்டப்படவில்லை. பல மணி நேரம் பிற நோயாளிகளுக்கிடையே அவர் காத்திருக்க நேர்ந்தது. தொற்று அங்கிருந்து பரவியது. மார்ச் 26ஆம் நாள் ஒண்டாரியோ மாகாண அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. அம்மாகாணத்தில் 44 பேர் உயிரிழந்தனர். நோயுற்றோரில் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலேயே தொற்றுக்கு ஆளாயினர். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவப் பணியாளர்கள். இரு செவிலியரும் ஒரு மருத்துவரும் இறந்தனர்.

தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடும் எனக் கருதப்பட்ட பணியாளர்கள் பலர் ‘பணியுடன் கூடிய தனிமைப்படுத்தல்’ என்னும் விதிக்கு உட்படுத்தப்பட்டனர். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் மட்டுமே அவர்கள் செல்லலாம். வீட்டிலும் முகக்கவசம் அணிந்து, குடும்பத்தாரிடமிருந்து விலகி, தனியறையில் உறங்க வேண்டும். அந்நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் மாண்டர் உள்ளிட்ட மருத்துவர்கள் அதே ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, பணியாளர்களின் மனநிலையைத் தெளிவாகப் பதிவுசெய்தது. தம்மால் தம் பிள்ளைகளுக்கு நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சம், பெற்றோர் என்ற பொறுப்புக்கும் மருத்துவர் என்ற கடமைக்கும் இடையிலான முரண், சுற்றத்தாரின் விலக்கம் ஆகியவையே அவர்களை வருத்தின.

அவர்களின் அடுத்த ஆய்வு இன்னும் முக்கியமானது. நோய்ப் பரவல் ஓய்ந்து 13 முதல் 26 மாதங்கள் கழிந்த பின், சார்ஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த 9 டொரன்டோ மருத்துவமனைகளையும், அத்தகைய நோயாளிகளைக் காணாத 4 ஹாமில்டன் மருத்துவமனைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். 769 பணியாளர்கள் இதில் பங்கேற்றனர். பணிச்சோர்வு டொரன்டோவில் 30.4 விழுக்காட்டினரிடமும் ஹாமில்டனில் 19.2 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. மிகுதியான உளத்துயரம் முறையே 44.9, 30.2 விழுக்காட்டினரிடம் இருந்தது. டொரன்டோவினர் நோயாளிகளை நேரில் காண்பதையும் பணி நேரத்தையும் கூடுதலாகக் குறைத்துக்கொண்டிருந்தனர். அடுத்த கொள்ளைநோய் வரும்போது நமக்குத் தேவைப்படும் கரங்கள் முந்தைய கொள்ளைநோயிலேயே தளர்ந்துவிடுகின்றன என்பதே இதன் பொருள்.

காயங்களின் வகைகள்

இத்துயரங்கள் அனைத்தையும் ‘மன உளைச்சல்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்குவது பொருந்தாது. முதலாவது அச்சம். இது இயல்பானது, ஆபத்து நீங்கினால் பெரும்பாலும் தணியக்கூடியது. இரண்டாவது பணிச்சோர்வு. கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் உளவியலாளர் இதன் மூன்று கூறுகளை வகுத்தார்: உணர்வுகள் வற்றிப்போதல், நோயாளியை மனிதராகக் காணாது ஒரு வேலையாகக் காணத் தொடங்குதல், தம் உழைப்பால் பயனேதும் இல்லை என எண்ணுதல். உலகச் சுகாதார அமைப்பு 2019இல் இதனை ஒரு நோயாக வகைப்படுத்தாமல், சரிவர நிர்வகிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என வரையறுத்தது. குறையைத் தனிமனிதரிடம் மட்டும் தேடாமல் பணியிடத்திலும் தேட வேண்டும் என்பதை இவ்வரையறை உணர்த்துகிறது.

மூன்றாவது அறக்காயம். அமெரிக்க உளமருத்துவரான ஜொனதன் ஷே, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சையளித்தபோது ஓர் உண்மையைக் கண்டார். அவர்களைச் சிதைத்தது மரணபயம் மட்டுமன்று. சரியானது எது என்பதை அதிகாரத்தில் இருந்தோரே மீறியதும் அவர்களைச் சிதைத்தது. இக்கருத்து மருத்துவமனைக்கும் பொருந்தும். ஒரே ஒரு செயற்கைச் சுவாசக் கருவி இருக்க, இரு நோயாளிகளுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க நேரும் மருத்துவர் தவறேதும் செய்யவில்லை. எனினும் தவறிழைத்தவரின் சுமையை அவர் சுமக்கிறார்.

டொரன்டோவிலேயே இதற்குச் சான்றுண்டு. 2003 மே மாதத்தில், நோய் ஓய்ந்தது எனக் கருதி முன்னெச்சரிக்கைகள் தளர்த்தப்பட்டன. நார்த் யார்க் பொது மருத்துவமனையின் செவிலியர், சில நோயாளிகளிடம் சார்ஸின் அறிகுறிகள் தென்படுவதாக எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை உரிய கவனம் பெறவில்லை. இரண்டாம் அலை அங்கிருந்தே எழுந்தது. நீதிபதி ஆர்ச்சி கேம்பெல் தலைமையிலான விசாரணை ஆணையம் தனது இறுதி அறிக்கையில் இதனை விரிவாகப் பதிவுசெய்தது. அறிவியல் முழு உறுதியை எட்டும்வரை காத்திராமல், ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைகளை முன்கூட்டியே மேற்கொள்ள வேண்டும் என்பதே ஆணையத்தின் தலையாய பரிந்துரை.

மறக்கப்பட்ட பாடம்

அப்பாடம் நிலைக்கவில்லை. சார்ஸுக்குப் பின் ஒண்டாரியோ அரசு சேமித்துவைத்த சுமார் 5.5 கோடி உயர்தர முகக்கவசங்கள் காலாவதியாகி, புதுப்பிக்கப்படாமலேயே போயின. 2020இல் உலகின் பல மருத்துவமனைகளில் பணியாளர்கள் போதிய கவசமின்றி நின்றனர். 2020 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சீனாவின் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளர்களிடையே நடத்தப்பெற்ற ஆய்வில் 50.4 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 34 விழுக்காட்டினரிடம் உறக்கமின்மையும் காணப்பட்டன. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவப் பணியாளர்கள் கோவிடால் இறந்திருக்கலாம் என உலகச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. பிரிட்டனில் முதலில் உயிர்நீத்த மருத்துவர்களான ஹபீப் ஸைதி, ஆதில் அத்தைய்யார், அம்ஜத் அல்ஹவ்ரானி, அல்ஃபா ஸஆது ஆகிய நால்வரும் முஸ்லிம்கள். பிற நாடுகளில் வேர்கொண்டு அந்நாட்டுக்கு உழைத்தவர்கள்.

சமூகம் இழைத்த காயங்களும் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிடால் இறந்த நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. அவருடைய சக மருத்துவரே நள்ளிரவில் மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்ய நேர்ந்தது. சில நாள்களில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு 7 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தை இந்திய அரசு பிறப்பித்தது. சட்டம் தாக்குதலைத் தடுக்கலாம். ‘நான் இறந்தால் எனக்கும் இதுதானா?’ என்று ஒவ்வொரு பணியாளரின் உள்ளத்திலும் எழுந்த வினாவைத் துடைக்க அதனால் இயலாது.

அதே மாதத்தில் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுத் தலைவரான லோர்னா பிரீன், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். உளநல உதவி நாடினால் மருத்துவ உரிமத்தை இழக்க நேரிடும் என அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் கூறினர். மருத்துவப் பணியாளர்களின் உளநலத்துக்கென அவர் பெயரிலேயே இயற்றப்பட்ட சட்டத்தில் 2022 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கையொப்பமிட்டார்.

காக்கும் வழிகள்

இத்தொழிலைத் தாமே விரும்பி ஏற்றவர்கள் துன்பத்தையும் ஏற்கத்தானே வேண்டும் என்று சிலர் வினவுவர். கடமை ஒருவழிப் பாதை அன்று. தீயை அணைக்கச் செல்பவரை நீரின்றி அனுப்புதல் எந்தச் சமூகத்துக்கும் தகாது. டொரன்டோ ஆய்வு இங்கும் வழிகாட்டுகிறது. தமக்குப் போதிய பயிற்சியும் பாதுகாப்பும் தார்மிக ஆதரவும் கிடைத்தன என உணர்ந்தவர்களிடம் நீடித்த பாதிப்பு குறைவாகவே இருந்தது. ஆகவே முகக்கவசமும் ஓர் உளநல மருந்தே. ஓய்வுக்கு இடமளிக்கும் பணிமுறை, செவிலியரின் எச்சரிக்கைக்குச் செவிசாய்க்கும் நிர்வாகம், உதவி நாடுவோரைத் தண்டிக்காத விதிகள் ஆகியவையும் அவ்வாறே. கைதட்டலும் புகழுரையும் இவற்றுக்கு ஈடாகா. அன்றியும், ‘வீரர்’ எனப் போற்றப்பட்டவர் தம் தளர்ச்சியை வாய்விட்டுச் சொல்லவும் தயங்குவார்.

ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை இயற்றினார். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்துப் பேசிய முன்னோடி அவர். திடீரென வரும் நோய்க்காக உடல்நலமுள்ளவர் மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, உள்ளம் அமைதியாக இருக்கும் காலத்திலேயே துயரத்தை எதிர்கொள்ளும் எண்ணங்களைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் தனிமனிதருக்குக் கூறியதை மருத்துவமனைகளும் அரசுகளும் தமக்கெனக் கொள்ளலாம். பெருந்தொற்று ஓய்ந்து கிடக்கும் இக்காலமே அதற்குரிய காலம். சேமித்த முகக்கவசங்களைக் காலாவதியாக விட்டதுபோல், 2020இல் கற்ற பாடங்களையும் காலாவதியாக விட்டுவிட்டால், அடுத்த நோய் வரும் நாளில் நோயாளியின் கட்டிலருகே நிற்க எவரை அழைப்போம்?