ஸ்பெயினில் வீடு வாங்குவோரும் முன்பண ஒப்பந்தமும்

ஸ்பெயினில் வீடு வாங்க முனையும் வெளிநாட்டவர் பலர், விற்பனைப் பத்திரம் நோட்டரியின் முன்னிலையில் நிறைவேறுவதால் தமக்கெனத் தனி வழக்கறிஞர் வேண்டியதில்லை என்று எண்ணிவிடுகின்றனர். அந்நாட்டு நோட்டரி சட்டம் பயின்ற உயர் அலுவலரே எனினும், இரு தரப்புக்கும் பொதுவானவர். வாங்குபவருக்காக வாதாடுவது அவர் பணியன்று. மேலும், பத்திரத்துக்கு முன்பே 'அர்ராஸ்' எனப்படும் முன்பண ஒப்பந்தம் பெரும்பாலும் கையெழுத்தாகிவிடுகிறது. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஸ்பானிய உரிமையியல் சட்டத்தின் 1454ஆம் பிரிவைத் தழுவிய அர்ராஸில், வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணத்தை இழப்பார், விற்பவர் பின்வாங்கினால் அதை இருமடங்காகத் திருப்பித் தர வேண்டும். ஆனால் ஒப்பந்த வாசகம் வேறாக அமைந்துவிட்டால், முன்பணத்தை விட்டுக்கொடுத்தும் விலக முடியாத நிலை ஏற்படலாம். வங்கி கடன் மறுத்தால் பணம் திரும்பும் என்று தரகர் வாய்மொழியாகச் சொன்னது எழுத்தில் இல்லையெனில், அதை நம்பி வழக்காடுவது கடினம்.

உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்பவற்றை 'நோட்டா சிம்ப்லே' என்னும் பதிவகக் குறிப்பு காட்டும். அனுமதியின்றிக் கட்டிய அறையோ நீச்சல்குளமோ அதில் தெரியாமல் போகலாம். விற்பவரோடும் தரகரோடும் தொடர்பற்ற வழக்கறிஞரை அர்ராஸில் கையெழுத்திடுவதற்கு முன்பே அமர்த்திக்கொள்ள வேண்டும். பின்னர் அமர்த்துவது பெரும்பாலும் காலங்கடந்த செலவே.