பழைய ஆடல், புதிய கோலம்

கரீபியன் கடலிலுள்ள செயின்ட் வின்சென்ட் தீவில் ஆப்பிரிக்கரும் பழங்குடியினரும் கலந்து உருவான இனமே கரிஃபுனா. 1797-இல் ஆங்கிலேயர் இம்மக்களை நாடு கடத்தினர். மத்திய அமெரிக்கக் கரையில் குடியேறிய பின்னும், இறந்தோர்க்கான இரவுச் சடங்குகளில் முரசொலிக்கேற்ப இடையும் பாதமும் விரைந்தசையும் 'புன்டா' ஆடலை அவர்கள் கைவிடவில்லை.

பிற்கால இளைஞர் வேற்றிசையை நாடினர். மொழியும் ஆடலும் மங்கலாயின. அந்நிலையில், பெலீசு நாட்டின் டங்கிரிகா நகரத்து ஓவியர் பென் கயட்டானோ, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், முரசுடன் ஆமையோட்டுத் தாளத்தையும் மின்கிதாரையும் இணைத்துப் 'புன்டா ராக்' இசையைப் படைத்தார். தம் மக்களின் வாழ்வை ஓவியங்களிலும் தீட்டினார். துக்க வீட்டு ஆடல் மேடையேறியது. 2001-இல் யுனெஸ்கோ இம்மக்களின் மொழி, ஆடல், இசை மூன்றையும் மானுடத்தின் அருஞ்செல்வமென அறிவித்தது.

சடங்கின் அமைதி சற்றே குறைந்தது உண்மைதான். ஆயினும் இளைஞர் மீண்டும் தாய்மொழியில் பாட முன்வந்தனரன்றோ! அதுவே இப்புதுமை ஈட்டிய பேறு.