வால்வுப் பெருக்கியைப் பழுது பார்த்தல்

நம் நாட்டில் 1950, 1960 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய காலத்தில், வசதி படைத்த இல்லங்கள் சிலவற்றின் கூடத்தில் ரேடியோகிராம் என்றொரு பெட்டி வீற்றிருந்தது. மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுழலும் மேடை. அதன் கீழே வானொலி. உள்ளே வால்வுகள் கனியும் பெருக்கி. இசையில் பெரும்பற்றுக் கொண்டோர் சிலர் பெருக்கியையும் சுழல்மேடையையும் ஸ்பீக்கரையும் தனித்தனியே வரவழைத்து இணைத்துக் கொண்டனர். அவற்றுட் பல இன்று பரண்களில் தூசு படிந்து கிடக்கின்றன. சில, உள்ளிருக்கும் செம்புக் கம்பிக்காகப் பழைய இரும்புக் கடையில் உடைக்கப்படுகின்றன. சில, உள்ளீடு முழுவதும் பிடுங்கப்பட்டு அலமாரிகளாகிவிட்டன. "ஐயா, அது போய்விட்டது, போட்டுப் பார்த்தோம், புகை வந்தது" என்பதே உரியவர் பெரும்பாலும் சொல்லும் செய்தி. அப்படிப் போட்டுப் பார்த்ததுதான் அதன் முடிவுக்குக் காரணமாயிற்று என்பதை அவர் அறியார். அக்காரணத்தை விளக்குவதே என் பேச்சின் நோக்கம்.

முதலில் வரலாறு சிறிது. 1904-இல் ஃபிளெமிங் என்னும் ஆங்கிலேயர் இரு மின்வாய்களை உடைய வால்வைச் சமைத்தார். 1906-ஐ ஒட்டி அமெரிக்கராகிய லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு மின்வாயை இடையில் வைத்தார். அதற்குக் கிரிட் என்று பெயர். 1927-இல் ஹெரால்ட் பிளாக் என்னும் பொறியியலாளர், பெருக்கியின் வெளியீட்டில் ஒரு சிறு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பியனுப்பினால் ஒலியின் திரிபு குறையும் என்று கண்டார். இவ்வெண்ணம் அவருக்கு ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் தோன்றிற்று. கையிலிருந்த செய்தித்தாளின் மீதே அதை எழுதிவைத்தார். அதன் பயன் இல்லங்களை எட்ட இருபது ஆண்டுகள் ஆயின. 1947-இல் இங்கிலாந்தில் வில்லியம்சன் என்பவர் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் 15 வாட் பெருக்கி ஒன்றின் அமைப்பை வெளியிட்டார். அதன் திரிபு நூற்றில் பத்திலொரு பங்கே. மறுவருடம் நீண்டநேர இசைத்தட்டு வந்தது. 1953-இல் குவாட் 2 என்னும் பெருக்கி வெளிவந்தது. 'ஹை-ஃபை' என்ற சொல் வீட்டுக் கூடத்திற்குள் நுழைந்த காலம் இது.

இனி வால்வினுள் நடப்பதைக் காண்போம். சூடேறிய எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, 250 வோல்ட் போன்ற உயர் அழுத்தத்திலுள்ள நேர்மின்வாயை நோக்கி ஓடுகின்றன. இடையிலுள்ள கிரிட், மடையின் பலகையைப் போன்றது. அது எதிர்மின்வாயைவிடச் சில வோல்ட் தாழ்வாக இருந்தால் ஓட்டம் அளவோடு நிற்கும். அத்தாழ்வு நீங்கினால் வெள்ளம் புரளும். ஈ.எல்.84 என்னும் புகழ்பெற்ற வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மின்வாயில் 250 வோல்ட் இருக்கும்போது கிரிட் 7.3 வோல்ட் தாழ்ந்திருந்தால் 48 மில்லியாம்பியர் ஓடும். பெருக்கிப் பாருங்கள்: 12 வாட். அவ்வால்வின் நேர்மின்வாய் தாங்கும் எல்லையும் 12 வாட்டே. எல்லையிலேயே நின்று உழைக்கும் ஊழியன் அவன்.

இக்கிரிட்டுக்கு இசை எங்கிருந்து வருகிறது? முன் படியிலுள்ள வால்வின் நேர்மின்வாயிலிருந்து. அங்கோ 150 வோல்ட் நேர் அழுத்தம் நிற்கிறது. அதைத் தடுத்து, இசையின் அலைவை மட்டும் கடத்தும் வாயிற்காவலனாக நடுவில் ஒரு மின்தேக்கி வைக்கப்பட்டுள்ளது. கடைத்தெருவில் கண்டென்சர் என்பது இதுவே. அக்காலத்து மின்தேக்கிகள், இரு உலோகத் தாள்களுக்கிடையே மெழுகோ எண்ணெயோ ஊட்டிய காகிதத்தை வைத்துச் சுருட்டப்பட்டவை. காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அறுபது ஆண்டுகளில் நம் கடற்கரைக் காற்று அதை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

அம்மின்தேக்கி முற்றும் உடைந்துபோக வேண்டுமென்பதில்லை. அதன் காப்பு 10 மெகோம் அளவுக்குத் தாழ்ந்தாற் போதும். கிரிட்டிலிருந்து தரைக்கு 0.47 மெகோம் தடை இருக்கிறதெனக் கொள்வோம். ஓம் விதிப்படி 150-ஐ 0.47-ஆல் பெருக்கி 10.47-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.7 வோல்ட். இது நேர் அழுத்தமாகக் கிரிட்டில் ஏறும். வேண்டிய தாழ்வு 7.3 வோல்ட், அதில் 6.7 கரைந்துவிடுகிறது! எதிர்மின்வாய்த் தடை ஓரளவு ஈடுசெய்யுமாயினும், முன்னமே எல்லையில் நிற்கும் வால்வு அதைக் கடந்துவிடும். நேர்மின்வாய் செந்நிறமாகக் கனலும். அதே மின்னோட்டம் வெளியீட்டு மின்மாற்றியின் மெல்லிய கம்பிச்சுருள் வழியாகவும் செல்வதால், கவனிக்கப்படாவிடில் அதுவும் தீயும். மின்தேக்கியின் விலை இரண்டு மூன்று தேநீரின் விலை. மின்மாற்றியோ, இன்று ஒருவர் கையால் புதிதாகச் சுற்றித் தந்தாலன்றிக் கிடைப்பதரிது. போட்டுப் பார்த்தபோது வந்த புகை இவ்வாறு எழுந்ததாக இருத்தல் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர், தம் தந்தையார் போற்றிவந்த பெருக்கியை என்னிடம் கொணர்ந்தார். நற்பேறாக, அவர் இல்லத்தில் எவரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. மின்னிணைப்பின்றி வெளியீட்டு மின்மாற்றியின் சுருளை அளந்தேன், சில நூறு ஓம் காட்டிற்று, உயிரோடிருக்கிறது. வெளியீட்டு வால்வைப் பிடுங்கி வைத்துவிட்டு, மற்றவற்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, வெறும் சாக்கெட்டில் கிரிட்டுக்குரிய முனையை அளந்தேன். சுழி காட்டவேண்டிய இடத்தில் 11 வோல்ட் நின்றது. வால்வே இல்லாதபோது அவ்வழுத்தம் வால்வின் குற்றமாக இருக்க இயலாது. மின்தேக்கியின் ஒரு முனையைக் கழற்றினேன், 11 சுழியாயிற்று. குற்றவாளி யாரென்பதில் ஐயம் ஏது? காப்புத்தடை 6 மெகோம் அளவுக்கு இறங்கியிருந்ததை அக்கணக்கே சொல்லிற்று. ஆனால் அதே மின்தேக்கியைத் தனியே எடுத்து, மல்ட்டிமீட்டரின் சிறு மின்கலத்தால் ஓம் அளந்து பார்ப்போர் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஏமாறக்கூடும். கசிவு பெரும்பாலும் உயர் அழுத்தத்தில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆதலின் பழைய காகித மின்தேக்கிகளை நான் விசாரணையின்றியே மாற்றிவிடுவேன். பாலியெஸ்டர் படலத்தாலான 630 வோல்ட் மின்தேக்கி அவ்விடத்துக்குப் போதும்.

மற்றொரு வகை, மின்வழங்கியிலுள்ள அலுமினிய மின்தேக்கி. இதில் காப்பாக நிற்பது அலுமினியத்தின் மேல் மின்னழுத்தத்தாலேயே உண்டாக்கப்பட்ட மெல்லிய ஆக்சைடுப் படலம். நெடுங்காலம் அழுத்தமின்றிக் கிடந்தால் அப்படலம் நலியும். திடீரென 300 வோல்ட் கொடுத்தால் கசிந்து, சூடேறி, சில வேளைகளில் வெடிக்கவும் செய்யும். அழுத்தத்தைப் பல மணி நேரம் சிறிது சிறிதாக உயர்த்திப் படலத்தை மீண்டும் வளர்க்கலாம் என்பர். உண்மையே. ஆயினும் உட்திரவம் உலர்ந்த மின்தேக்கிக்கு அதனால் பயனில்லை, புதியதே நன்று. புதியதை இடும்போது, 'பெரிதாக இருந்தால் நல்லதுதானே' என்று அளவைக் கூட்டுவோர் உளர். வால்வுத் திருத்தி உள்ள கருவியில் அது தீங்கு. ஈ.இசட்.81 என்னும் திருத்தி வால்வை அடுத்து 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் வைக்கலாகாது. வைத்தால், தொடங்கும்போது பாயும் மின்னோட்டம் வால்வை அழிக்கும்.

இங்கே பேச்சை நிறுத்தி, உயிர்க்காப்பைப் பற்றிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். 400 வோல்ட்டில் நிற்கும் 50 மைக்ரோஃபாரடு மின்தேக்கியில் உள்ள ஆற்றல் 4 ஜூல். ஒரு கிலோ எடையை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால் எவ்வளவோ, அவ்வளவு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது அங்கேயே காத்திருக்கும். திருப்புளியால் சுருக்கிப் பொறி பறக்கவிடுவது அறியாமை. நன்கு காப்பிட்ட பிடியுள்ள 10 கிலோஓம் தடையை முனைகளில் சில நொடிகள் வைத்திருங்கள். பின்னர் மீட்டரால் அளந்து, சுழி என்று கண்ட பிறகே கை வையுங்கள். மின்சாரத்தோடு அளக்க நேர்ந்தால் ஒரு கை முதுகுப்புறம் இருக்கட்டும். பள்ளி மாணவர்கள் இத்தொழிலறிந்த பெரியவர் பக்கத்திலின்றித் திறக்கவே வேண்டா. அக்காலத்து ஏ.சி./டி.சி. பெட்டிகள் சிலவற்றில் மின்மாற்றியே கிடையாது. உலோகச் சட்டம் நேரே மின்கம்பியோடு இணைந்திருக்கும். அவற்றைத் தொடக்கத்தில் அணுகவே அணுகாதீர்கள்.

புதிய மின்தேக்கிகளை இட்டபின் முதன்முறை மின்சாரம் கொடுக்க ஓர் எளிய உபாயம் உண்டு. கருவியோடு தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பை இணையுங்கள். உள்ளே எங்கேனும் சுருக்கு இருந்தால் பல்பு முழு ஒளியோடு எரியும், மின்னோட்டம் கால் ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாக நின்றுவிடும், மின்மாற்றி பிழைக்கும். குறை இல்லையெனில், முதலில் பளிச்சிட்டுப் பின் மங்கும். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. இழையின் தடை சூட்டோடு ஏறுவதே இவ்வுபாயத்தின் உயிர். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெருக்கியை இயக்கவும் கூடாது. பாரம் இல்லாத வெளியீட்டு மின்மாற்றியில் இசையின் வேகத்தால் மிகையழுத்தம் எழுந்து, சுருளின் காப்பைத் துளைத்துவிடும்.

ஒலி வந்துவிட்டது; கூடவே ஓர் இரைச்சல் என்றால், காதே கருவியாகும். நம் மின்சாரத்தின் அதிர்வெண் 50. முழு அலைத் திருத்தியிலிருந்து வருவது அதன் இருமடங்காகிய 100. இரைச்சல் 100 ஆனால் மின்வழங்கியின் மின்தேக்கியைப் பாருங்கள். ஒரு ஸ்தாயி கீழே 50-இல் ஒலித்தால் சூடேற்றிக் கம்பியையோ உள்ளீட்டுக் கம்பியின் உறையையோ ஐயுறுங்கள். சுருதி பேதம் அறிந்த மாணவர்கள் இதில் மீட்டர் வைத்திருப்போரை முந்துவதை நான் கண்டிருக்கிறேன்.

எதை மாற்றாமல் விடுவது என்பதும் ஒரு கேள்வி. எல்லாவற்றையும் புதிதாக்கி, பளபளக்கும் பெட்டியாக்குவோர் உளர். புதிய மின்தேக்கியைப் பழைய உறைக்குள் மறைத்து வைக்கும் கைத்திறனாளரும் உளர். பின்னவர் பொறுமையை மதிக்கிறேன். எனினும் அளந்து பார்த்து நன்றாயிருப்பதை நான் தொடேன். மாற்றியதை மறைக்கவும் மாட்டேன். எந்தெந்த உறுப்பு, எந்த ஆண்டில், எந்த அளவில் மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிடுவேன். நாற்பது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு அது வழிகாட்டும்.

எஞ்சியது சுழல்மேடை. மோட்டாரின் தண்டிலிருந்து மேடைக்கு விசையைக் கடத்தும் இரப்பர்ச் சக்கரத்தை, ஓடாத காலத்திலும் தண்டோடு அழுந்தவிட்டால் பள்ளம் விழும். ஒவ்வொரு சுற்றிலும் 'தொப்' என்னும். அமெரிக்க மேடையானால் இன்னொரு தொல்லை. அது 60 அதிர்வெண்ணுக்குச் செய்யப்பட்டது. இங்கு ஆறில் ஐந்து வேகத்தில் சுழலும். அதில் வைத்த கீர்த்தனத்தின் ஷட்ஜம், கீழுள்ள சதுச்ருதி தைவதத்தில் போய் நிற்கும். தண்டிலுள்ள உருளையை 50-க்குரியதாக மாற்றினாலன்றி இது தீராது. வேகத்தைச் சரிபார்க்க வட்டமான அட்டையொன்றின் விளிம்பில் சம இடைவெளியில் 180 கோடுகள் வரையுங்கள். நம் மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். அவ்வொளியில் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் மேடையில் அக்கோடுகள் அசையாமல் நிற்கும். மேடை மெதுவாக ஓடினால் அவை பின்னோக்கி நகரும், விரைந்தால் முன்னோக்கி. 78 சுற்றுத் தட்டுக்கு 77 கோடுகள்.