பகிர்வுப் பதிலிச் சேவைகள்: ஒப்பீடும் தேர்வும்

முன்னுரை

ஒரு சொல் எந்தெந்தத் தொடர்களில், எத்தனை முறை வழங்குகின்றது என்பதை அறிய முன்னாளில் அறிஞர்கள் நூல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சொல்லடைவு தொகுத்தனர். இன்று அதே பணிக்கு ஆயிரக்கணக்கான வலைப்பக்கங்களை ஒரு சிறு நிரலின் துணையால் திரட்டுகின்றனர். விலை நிலவரத்தை ஆராயும் வணிகவியல் மாணவரும், செய்தித்தாள்களின் நடையை ஒப்பிடும் தமிழ் மாணவரும் இவ்வழியையே நாடுகின்றனர்.

இப்பணியில் இறங்குவோர் சில நூறு பக்கங்களைத் திரட்டிய அளவிலேயே ஒரு தடையை எதிர்கொள்வதுண்டு. ஒரே முகவரியிலிருந்து இடைவிடாது கோரிக்கைகள் வருவதைக் கண்ட வலைத்தளம் கதவை அடைத்துவிடுகின்றது. அந்நிலையில் பலரும் நாடுவது, குறைந்த விலைக்குக் கிடைக்கும் பகிர்வுப் பதிலிச் சேவையாகும். அதன் இயல்பு யாது, பல சேவைகளை எவ்வாறு ஒப்பிடுவது, எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிலி என்பது யாது?

பிராக்சி எனப்படும் பதிலி, நமக்கும் வலைத்தளத்திற்கும் இடையே நிற்கும் ஒரு கணினி. நம் கோரிக்கையை அது பெற்றுத் தன் பெயரால் வலைத்தளத்திற்கு அனுப்புகின்றது. விடையைப் பெற்று நமக்குத் தருகின்றது. வலைத்தளம் காண்பது பதிலியின் ஐ.பி. முகவரியையே அன்றி நம்முடையதை அன்று.

இக்கருவி மறைந்து செல்வதற்கென்று பிறந்ததன்று. 1994ஆம் ஆண்டில் ஜெனீவாவில் நிகழ்ந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் செர்ன் ஆய்வு நிலையத்தின் ஆரி லூட்டனென் என்பாரும் கெவின் ஆல்டிஸ் என்பாரும் வலைப் பதிலிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வழங்கினர். நிறுவனங்களின் பாதுகாப்பு அரணுக்கு உள்ளிருப்போர் வெளியே உள்ள வலையை அணுகுதல், ஒருவர் பெற்ற பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவர்க்கு விரைந்து வழங்குதல் ஆகிய இரண்டுமே அன்றைய பயன்கள். ஒரு பதிலியைப் பலர் பகிர்ந்துகொள்வது அதன் பிறவிக் குணம் எனலாம்.

பகிர்வு ஏன் வந்தது?

ஐ.பி. முகவரிகளின் பழைய முறையான நான்காம் பதிப்பு, 32 இருமை இலக்கங்களால் ஆனது. ஆகவே அதில் அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சம் அளவினவே. உலக அளவில் பங்கிடுவதற்கு இருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதன்பின் முகவரி என்பது மனைநிலம் போல் விலைக்கும் வாடைக்கும் உரிய பொருளாயிற்று. ஒரு முகவரியை ஒருவர்க்கே தந்தால் வாடகை முழுவதும் அவர் தலையில் விழும். பலர்க்குத் தந்தால் பங்கு குறையும். பகிர்வுச் சேவை மலிவாக இருப்பதன் காரணம் இதுவே.

இதனை நம் ஊர்களின் ஒண்டுக்குடித்தனத்தோடு ஒப்பிட்டு நோக்கலாம். வாசல் ஒன்று, கதவு எண் ஒன்று, உள்ளே குடும்பங்கள் பல. வாடகை குறைவு என்பது உண்மை. ஆயினும் ஒரு குடும்பத்தார் மளிகைக் கடையில் கடன் வைத்துவிட்டுத் திருப்பித் தாராவிடின், "அந்த வீட்டுக்காரர்களா?" என்று கடைக்காரர் அனைவரையும் ஒருங்கே மறுத்துவிடுவார். பகிர்வுப் பதிலியிலும் நிகழ்வது இதுவே. பத்துப் பேர் ஒரே முகவரியிலிருந்து, இரண்டு நொடிக்கு ஒரு கோரிக்கை வீதம், ஒரே தளத்திற்கு அனுப்புவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தாம் நிதானமாகவே நடப்பதாக எண்ணுவர். தளத்தின் கண்ணுக்கோ ஒரே ஆள் நொடிக்கு ஐந்து முறை கதவைத் தட்டுவதாகத் தோன்றும். ஆகவே பகிர்வுப் பதிலிக்குப் பணம் தருபவர் முகவரியை மட்டும் பெறுவதில்லை. அண்டை வீட்டாரையும் சேர்த்தே பெறுகின்றார். ஒப்பீட்டின் அடிப்படை இவ்வுண்மையே ஆதல் வேண்டும்.

வகைகள்

பதிலிகளை இரு நோக்கில் பகுக்கலாம்.

பயன்படுத்துவோர் தொகையால் நோக்கின், ஒருவர்க்கே உரிய தனிப்பதிலி, இரண்டு மூன்று பேர்க்கு உரிய அரைத்தனிப் பதிலி, வரம்பின்றிப் பலர்க்கு உரிய பகிர்வுப் பதிலி என மூவகைப்படும். பெருந்தொகுதி ஒன்றிலிருந்து கோரிக்கைதோறும் முகவரியை மாற்றித் தரும் சுழற்சி முறையும் பகிர்வின் ஒரு வடிவமே.

முகவரி இருக்கும் இடத்தால் நோக்கின், தரவு மையத்துப் பதிலி, இல்லத்துப் பதிலி, கைப்பேசிப் பதிலி என வகைப்படும். தரவு மையத்துப் பதிலி விரைவும் மலிவும் உடையது. எனினும் அது தரவு மையத்தினது என்பதை வலைத்தளம் எளிதில் கண்டுகொள்ளும். இல்லத்துப் பதிலி, யாரோ ஒருவர் வீட்டு இணைய இணைப்பின் வழியே செல்வது, விலை மிகுதி, பெரும்பாலும் ஜிகாபைட் அளவுக்குக் கட்டணம் பெறுவர். இதில் ஒரு பெரும் வினா மறைந்துள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஒப்பிடும் அளவைகள்

விளம்பரங்கள் முன்னிறுத்துவது முகவரிகளின் எண்ணிக்கையையே. தேர்பவர் நோக்க வேண்டியவை வேறு.

1. பயனுள்ள பக்கத்திற்கு ஆகும் செலவு: ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதற் சேவைக்கு மாதம் 1,000 ரூபாய். இரண்டாம் சேவைக்கு 1,500 ரூபாய். இரண்டிலும் 50,000 கோரிக்கைகள் அனுப்புகின்றோம். முதலாவதில் பாதியே வெற்றி பெற, 25,000 பக்கங்கள் கிடைக்கின்றன. ஆயிரம் பக்கத்திற்கு 40 ரூபாய் ஆகின்றது. இரண்டாவதில் நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி, 45,000 பக்கங்கள், ஆயிரத்திற்கு ஏறத்தாழ 33 ரூபாய். மலிவென்று எண்ணியதே விலை உயர்ந்ததாக முடிந்தமை காண்க. ஜிகாபைட் கணக்கில் கட்டணம் பெறும் சேவையில் தோல்வியுற்ற விடைகளும் அளவில் சேரக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

2. வெற்றியின் மெய்ம்மை: வலைத்தளம் 200 என்ற குறியெண்ணை அனுப்பினால் கோரிக்கை நிறைவேறியது என்பது பொது விதி. ஆனால் அக்குறியெண்ணோடு, நாம் மனிதர்தாமா என வினவும் சோதனைப் பக்கமோ வெற்றுப் பக்கமோ வருவதுண்டு. ஆகவே குறியெண்ணை மட்டும் எண்ணாது, பக்கத்தில் இருக்க வேண்டிய தலைப்போ சொல்லோ உள்ளதா என்று நிரலைச் சரிபார்க்கச் செய்தல் வேண்டும்.

3. முகவரிகளின் பரவல்: நூறு முகவரிகள் தருவதாகச் சொல்லும் சேவை, அவை அனைத்தையும் 256 முகவரிகள் கொண்ட ஒரே தொகுதியிலிருந்து தரலாம். வலைத்தளம் அத்தொகுதி முழுவதையும் ஒரே விதியால் தடுத்துவிடின், நூறும் ஒன்றாகிவிடும். எத்தனை முகவரி என்பதைவிட எத்தனை தொகுதி என்பதே கேட்கத்தக்க வினா.

4. முகவரியின் கடந்த காலம்: முன்பு குப்பை அஞ்சல் அனுப்பப் பயன்பட்ட முகவரி, ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப் பட்டியல்களில் இடம்பெற்றிருக்கலாம். பணம் செலுத்துமுன் மாதிரியாகச் சில முகவரிகளைப் பெற்று இதனைச் சரிபார்த்தல் நன்று. கெட்டுப்போன முகவரியை மாற்றித் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

5. வேகமும் வரம்பும்: ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் அனுமதிக்கப்படும், மாதத்திற்கு எவ்வளவு தரவு செல்லலாம் என்பன ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளில் இருக்கும். பகிர்வுச் சேவையின் வேகம் பொழுதுக்குப் பொழுது மாறும். ஆதலின் காலை, பிற்பகல், இரவு என மூவேளையும் சோதித்தல் முறை.

6. பாதுகாப்பு: எச்.டி.டி.பி.எஸ். வழியில் செல்லும்போது பதிலி அறிவது நாம் அணுகும் தளத்தின் பெயரையே. பக்கத்தின் உள்ளடக்கத்தை அன்று. பழைய எச்.டி.டி.பி. வழியிலோ அது அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் இயலும். எனவே சான்றிதழ்ச் சரிபார்ப்பை நிறுத்திவைக்குமாறு கூறும் சேவையை உடனே விலக்க வேண்டும். கடவுச்சொல் தந்து நுழையும் எந்தப் பணியையும் பகிர்வுப் பதிலி வழியே செய்தலாகாது. யார் நடத்துகின்றார் என்று அறியப்படாத இலவசப் பதிலிப் பட்டியல்களை ஆய்வுக்குக் கொள்ளுதல், முகந்தெரியாதவரிடம் கடிதத்தைப் பிரித்துக் கொடுத்து அஞ்சலில் சேர்க்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

முகவரி எங்கிருந்து வந்தது?

அளவைகள் அனைத்திலும் தலையாயது இது. இல்லத்துப் பதிலி என்றால் யாருடைய இல்லம்? அவ்வீட்டார் இசைந்தனரா?

ஹோலா என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தியோரின் இணைய இணைப்பு, லுமினாட்டி என்ற சேவையின் வழியே பிறர்க்கு விற்கப்படுவது 2015ஆம் ஆண்டில் பரவலாகத் தெரியவந்து பெரும் விவாதம் எழுந்தது. பயன்படுத்தியோரில் அதனை அறிந்திருந்தோர் சிலரே என்பதே அன்றைய குறை. லுமினாட்டி 2021இல் பிரைட் டேட்டா எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

இதனினும் கொடியது 911 எஸ்5 என்ற சேவை. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என். முதலிய இலவச மென்பொருள்களின் வழியே மக்களின் கணினிகளில் நுழைந்து, அவர்கள் அறியாமலே அவற்றைப் பதிலிகளாக்கி விற்றது இது. 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை இதனை முடக்கியதாக அறிவித்தபோது, ஏறத்தாழ 200 நாடுகளில் 1 கோடியே 90 இலட்சத்திற்கும் மேற்பட்ட முகவரிகள் அதில் சிக்கியிருந்ததாகக் கூறிற்று. பெருந்தொற்றுக் கால நிவாரண நிதியைக் கவர்ந்தோர் முதலாகப் பல குற்றவாளிகள் அம்முகவரிகளுக்குப் பின்னே ஒளிந்திருந்தனர். குற்றம் புரிந்தவர் ஒருவர். காவலர் தேடிச் செல்லும் முகவரியோ ஒன்றும் அறியாத ஒரு குடும்பத்தினது.

இத்தகைய சேவைக்குத் தெரியாமல் பணம் தரும் ஆய்வாளரும் அத்தீமைக்குத் துணையாகின்றார். ஆகவே மூன்று வினாக்களை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல் வேண்டும்: வீட்டு இணைப்பினரின் இசைவு எவ்வாறு பெறப்படுகின்றது? அவர்களுக்கு யாது ஈடு தரப்படுகின்றது? அவர்கள் விரும்பும்போது விலக இயலுமா? மேலும், வாடிக்கையாளர் யார் என்று வினவிச் சரிபார்க்கும் சேவையைக் கண்டு சலித்துக்கொள்ளுதல் கூடாது. நம்மை வினவுபவர் அண்டை வீட்டாரையும் வினவியிருப்பார்.

சட்டமும் வரம்பும்

பதிலி என்பது மறுப்பை மீறும் உரிமைச் சீட்டு அன்று. கிரெய்க்ஸ்லிஸ்ட் நிறுவனம் 3டேப்ஸ் என்ற நிறுவனத்திற்கு எழுத்து வழியே தடை விதித்து, அதன் ஐ.பி. முகவரிகளையும் அடைத்தது. அதன்பின்னும் பதிலிகள் வழியே தரவு எடுத்ததை அனுமதியற்ற நுழைவாகக் கருதலாம் எனக் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2013இல் கூறியது. 2015இல் 10 இலட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு 3டேப்ஸ் அவ்வழக்கை முடித்துக்கொண்டது. மறுபுறம், லிங்க்ட்இன் தளத்தைப் பற்றிய வழக்கில், யாவரும் காணத் திறந்துள்ள பக்கங்களைத் திரட்டுவது கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் வராது என்னும் வாதத்திற்கு வலிமை உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் கருதியது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியில், பயனர் ஒப்பந்தத்தை மீறியதாகத் திரட்டிய நிறுவனத்திற்கு எதிராகவே அவ்வழக்கு முடிந்தது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவர் அனுமதியின்றி ஒரு கணினியிலிருந்து தரவைப் படியெடுப்பதை இழப்பீட்டுக்கு உரிய செயலாகக் கூறுகின்றது. தனிமனிதர் பற்றிய தரவுகளைத் திரட்டுவோரின் கடமைகளை வகுக்க 2023இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

நிரல்கள் எப்பக்கங்களை அணுகலாம், எவற்றை அணுகலாகாது என்பதை வலைத்தளம் தானே எழுதி வைக்கும் ரோபாட்ஸ் கோப்பு முறையை 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். 2022இல் அது முறையான நெறியாக வெளியிடப்பட்டது. அதனை முதலில் படித்தலும், 429 என்ற குறியெண் வந்தால் "கோரிக்கைகள் மிகுந்துவிட்டன" என்று பொருள் கொண்டு வேகத்தைக் குறைத்தலும் ஆய்வாளரின் ஒழுக்கமாகும். அக்குறியெண்ணைக் கண்டதும் முகவரியை மாற்றுவது, ஒரு வாசலில் மறுக்கப்பட்டவர் சட்டையை மாற்றிக்கொண்டு மீண்டும் வந்து நிற்பதற்கு ஒப்பானது.

பதிலி தேவைதானா?

ஒரு பொருளின் விலை வெவ்வேறு நாட்டவர்க்கு எவ்வாறு காட்டப்படுகின்றது என்று அறிவதற்குப் பதிலி உண்மையில் தேவை. பல மாணவர் ஆய்வுகளுக்கோ அது தேவையே இல்லை. தமிழ்ச் சொல் வழக்கை ஆராய்பவர் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இலவசமாகப் பதிவிறக்கலாம். காமன் கிரால் என்னும் பொதுநல அமைப்பு திரட்டி வைத்துள்ள வலைக் களஞ்சியத்திலிருந்து தமிழ்ப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் மின்வடிவில் உள்ளன. இவையும் போதாவிடின், தளத்தை நடத்துவோர்க்கு ஆய்வின் நோக்கத்தை விளக்கி மடல் எழுதலாம். இரண்டு நொடிக்கு ஒரு பக்கம் என்று பொறுமையோடு எடுத்தாலே ஒரு நாளில் 43,200 பக்கங்கள் கிட்டும். பொறுமை இருக்கும் இடத்தில் பதிலிக்குப் பெரும்பாலும் வேலையில்லை.

நிறைவுரை

தேவையை முதலில் ஆராய்க. தேவை உறுதியாயின், இரண்டு மூன்று சேவைகளில் மிகக் குறைந்த காலத்திற்கு மட்டும் பணம் செலுத்தி, ஒரே பக்கங்களை ஒரே வேகத்தில் எடுத்துப் பார்த்து, பயனுள்ள பக்கத்திற்கு ஆகும் செலவைக் கணக்கிடுக. பெரும்பாலான எளிய பணிகளுக்குத் தரவு மையத்து அரைத்தனிப் பதிலி போதும். முகவரி பிறந்த இடத்தைச் சொல்ல மறுக்கும் சேவை எத்துணை மலிவாயினும் அதனை விலக்குக. பதிலியைப் பயன்படுத்தியதை ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் மறைக்காது எழுதுக. வீடு பார்க்கச் செல்பவர் வாடகையைக் கேட்குமுன் அண்டை அயலாரை விசாரிப்பது நம் பெரியோர் வழக்கம். தரவு தேடும் இளைஞர்க்கும் அவ்வழக்கமே தக்க துணையாகும்.